ரப்பரை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரை தெற்குச் சித்திரை வீதி ஓரம் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து படம் வரைகிற சிறு கூட்டத்தில் நானும் ஒருவன். புதிதாக வருகிறவர்களைக் கவனித்தால், ஆரம்பத்தில் நான் அடித்த கூத்தையே வரிசை மாறாமல் அடிக்கிறார்கள். பென்சில் சீவாமல் வருவது, வெயில் ஏறிய பிறகு வந்து சேர்வது எல்லாம் ஒரு தடவை பட்டால் தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

கை நன்றாகப் பழகிய பிறகு வெளியே வரலாம் என்று காத்திருப்பது

வீட்டில் இருந்தால் பழகாது. வாருங்கள்.

ஒரே படத்தை மாதக்கணக்கில் திருத்துவது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு கல்லூரித் தம்பி, வரைந்தால் தெற்குக் கோபுரம்தான் என்று வந்தார். ஆசையில் தப்பில்லை. 1559-ல் கட்டியது, ஒன்பது நிலை, ஏறக்குறைய 170 அடி, மீனாட்சி கோயில் கோபுரங்களிலேயே உயரமானது. தம்பி வாங்கி வந்தது நீர்வண்ணத்துக்கான கனமான 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள். விலையைக் கேட்டால் அதில் படம் போட மனசு வராது. கீழ் நிலையில் இருக்கும் சுதைச் சிற்பங்களை மூக்கும் முழியுமாக ஒவ்வொன்றாக வரைந்துகொண்டே போனார். ஐந்தாவது நிலைக்கு வந்தபோது தாள் முடிந்துவிட்டது. அழித்தார். பக்கவாட்டு விளிம்பை ஸ்கேல் வைத்து இழுத்தார். அந்தக் கோபுரத்தின் விளிம்போ நேர்கோடில்லை, மேலே போகப் போக லேசாக உள்வாங்கி வளையும். மறுபடி அழித்தார். “இத முடிச்சிட்டுத்தாண்ணே அடுத்தது” என்பார், வாராவாரம். பங்குனி போய் ஆடியும் வந்துவிட்டது.

அப்புறம் ஒரு நாள் வானத்துக்கு நீலம் வைத்தார். நீர்வண்ணத் தாளில் மெல்லிய பசை ஏற்றியிருப்பார்கள்; வண்ணம் உடனே உள்ளே இறங்காமல் மேலேயே நிற்பது அதனால்தான். ரப்பர் போட்டுத் தேய்க்கத் தேய்க்க அது போய்விடும். கோபுர விளிம்பை ஒட்டி அவர் அழித்த இடமெல்லாம் நீலத்தை ஒற்றுத்தாள் மாதிரி உறிஞ்சி, திட்டுத்திட்டாகக் கறுத்துவிட்டது.

தாள் போனதுகூடப் பரவாயில்லை. ஒரு படத்தின் தலையெழுத்து முதல் இரண்டு நிமிடத்தில் முடிவாகிவிடும்: உச்சி தாளில் எங்கே வரும், அடி எங்கே, அகலத்தைப் போல உயரம் எத்தனை மடங்கு, நிழல் எந்தப் பக்கம். இந்த முடிவுகளை எடுக்கப் பழக வேண்டுமென்றால் புதிதாகத் தொடங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அத்தனை மாதத்தில் தம்பி தொடங்கியது ஒரே ஒரு தடவை, அதுவும் தப்பாக. மிச்சமெல்லாம் ஒட்டுப்போட்ட வேலை. நுணுக்கமாகக் கோடு இழுப்பதில் கை தேறியிருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த கோபுரத்தின் முன்னால் உட்கார்ந்தாலும் அவருக்கு ஐந்தாவது நிலையில் தாள் முடிந்துபோகும்.

பால்பாயிண்ட் பேனா எடுங்கள், சாதா நோட்டு போதும். உச்சிக்கு ஒரு புள்ளி, அடிக்கு ஒரு கோடு, நடுவில் நிலைகளைப் பிரியுங்கள். சிற்பம் கிற்பம் வேண்டாம். பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டுப் பக்கத்தைத் திருப்பி அதே கோபுரத்தை மறுபடி வரையுங்கள். முதல் படத்தில் எது கோணல் என்று இப்போது கண்ணுக்குத் தெரியும். அங்கே போய்க் கை வைக்காமல் இந்தப் படத்தில் சரிசெய்யுங்கள். நிலைகள் மேலே போகப் போக அகலம் மட்டுமல்ல, உயரமும் குறைகிறது. இதை யாரும் சொல்லித்தர வேண்டாம், உச்சி இரண்டு தடவை தாளுக்கு வெளியே போனால் தெரிந்துவிடும்.

எண்ணிக்கைக்காக வரைவது

இது நேரெதிர்க் கூத்து. தினம் ஒரு படம் என்று சபதம் எடுத்துவிட்டு, எதிரே இருப்பதை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பழக்கத்தில் கிறுக்கித் தள்ளுவது. பக்க ஓரத்தில் தேதியும், தப்பிப்போனது என்ன என்று ஒரு வரியும் எழுதுங்கள். ‘உச்சி பருத்துவிட்டது’ அளவுக்கு எழுதினால் போதும். அடுத்ததைத் தொடங்கும் முன் அதைப் படியுங்கள்.

போட்டோவை நம்புவது

கிட்டே நின்று போனை அண்ணாந்து பிடித்து எடுத்தால் கோபுரம் பின்னால் சாய்ந்த மாதிரி விழும். ஏற்கெனவே குறுகும் உச்சி இன்னும் குறுகிவிடும். அதைப் பார்த்து வரைந்தால் அந்தக் கோளாறும் சேர்ந்தே வரும். கோயிலுக்குள் 2018-லிருந்து போனுக்கே தடை. அதுவும் நல்லதுதான். உள்ளே ஒரு யாளித் தூணை நின்று பார்த்துவிட்டு, வெளியே வந்து நினைவிலிருந்து வரைந்து பாருங்கள். எதைப் பார்க்காமல் விட்டோம் என்று உடனே பிடிபடும்.

பிடிக்காத பக்கத்தைக் கிழிப்பது

கிழிக்காதீர்கள்.

ஆள் அசைகிறார் என்று விட்டுவிடுவது

வேலை செய்கிறவர்கள் ஒரே அசைவுக்குத் திரும்பத் திரும்ப வருவார்கள். மல்லிகை கட்டும் அக்காவைப் பாருங்கள்: பூவை எடுப்பார், வைப்பார், நாரைச் சுற்றி இழுப்பார், மறுபடி பூவுக்குக் கை போகும். எடுக்கும் கையைப் பாதி வரைவதற்குள் அவர் இழுக்கப் போய்விட்டால், அதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்திலேயே இழுக்கும் கையைத் தொடங்குங்கள். கை பூவுக்குத் திரும்பும்போது முதல் படத்துக்கு நீங்களும் திரும்பலாம். ஒரே பக்கத்தில் நாலைந்து அரைகுறைப் படங்கள் கிடக்கும், கிடக்கட்டும். ரப்பருக்கு இங்கே நேரமே கிடையாது. அக்கா கேட்டால் நோட்டைக் காட்டிவிடுங்கள். மூக்கு சரியில்லை என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வார்.