நாட்டுக்கோழி: விற்பதற்கு முன் விதைச் சேவலைப் பிரித்து வையுங்கள்

பாலக்கோடு, மாரண்டஅள்ளி பக்கம் யார் வீட்டுத் திண்ணையில் கோழிப் பேச்சு எடுத்தாலும் ஒரு புலம்பல் வரும்: "முன்ன மாதிரி இல்லீங்க, வர வர குஞ்செல்லாம் சிறுத்துப்போகுது." தீவனத்தைக் குறை சொல்வார்கள், வெயிலைக் குறை சொல்வார்கள். நான் பார்த்தவரை காரணம் வேறு. ஆடிக்கும் தீபாவளிக்கும் வியாபாரி வாசலுக்கு வந்தால் முதலில் கை வைப்பது நன்றாகத் திரண்ட சேவல் மேல்தான். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்கு நாமே பிடித்துப் போவதும் அதைத்தான். விலை போகாமல் வீட்டில் தங்கிய சேவல் அடுத்த அடைக் குஞ்சுகளுக்கு அப்பன் ஆகிறது. நாலைந்து வருடம் இப்படிப் போனால் கூட்டமே சிறுக்காமல் என்ன செய்யும்?

கேழ்வரகில் இந்தத் தவறை யாரும் செய்வதில்லை. நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு எடுத்துவைத்த பிறகுதான் மீதி களத்துக்குப் போகிறது. கோழிக்கும் அந்த ஒழுங்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கொட்டகை, தீவனம் எல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி போடாத கூட்டத்தில் தேர்வு செய்து பயன் இல்லை. நோயில் அடிபட்டு இளைத்தது எது, பிறவியிலேயே சிறுத்தது எது என்று பிரிக்க முடியாது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறை இலவச முகாம் நடத்துகிறது. தவற விடாதீர்கள்.

முதலில் எதற்கு என்று முடிவு செய்யுங்கள்

முட்டைக்கும் அடைக்குமா, கறிக்கா? சிறிய உடம்புள்ள நாட்டுக்கோழியான சிறுவிடை அடைக்கு நன்றாக உட்காரும், குஞ்சைக் கண்ணும் கருத்துமாகக் காக்கும். பெரிய உடம்புள்ள பெருவிடையில் எடை வரும். இரண்டும் ஒரே கோழியில் வேண்டும் என்றால் இரண்டிலும் அரைகுறைதான் மிஞ்சும். அடைக்கு அடிக்கடி உட்காரும் கோழி வருடத்துக்கு வைக்கும் முட்டை குறையும், அது இயல்பு. வனராஜா, கிராமப்பிரியா மாதிரி ஐதராபாத் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகங்களையும் நாட்டுக்கோழியோடு சேர்த்து விடாதீர்கள். அவை தம்மளவில் நல்ல ரகங்கள்தான். ஆனால் கலந்துவிட்டால் அடைக்கு உட்காரும் குணம் கூட்டத்தில் குறைந்துகொண்டே போகும், திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு.

இரண்டு மூன்று குணங்களுக்கு மேல் துரத்த வேண்டாம். நிறத்தைக் கடைசியில் வையுங்கள். காக நிறமா கீரி நிறமா என்று பார்த்துக்கொண்டிருந்தால் முட்டையும் எடையும் கை நழுவிவிடும்.

அடையாளமும் நோட்டும்

செல்போன் செயலி எதுவும் வேண்டாம். கூண்டு ஓரத்தில் ஆணியில் தொங்கும் நாற்பது பக்க நோட்டு போதும், வீட்டில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். காலுக்கு நிற நிறமான பிளாஸ்டிக் சுருள் வளையம் வாங்குங்கள். கேபிள் டை மலிவு என்று சிலர் போடுகிறார்கள், எனக்கு அது பிடிக்காது. வளரும் கோழிக்குக் கால் பருக்கும்போது டை சதையில் இறங்கிவிடும்.

எந்தக் கோழி எந்த முட்டை வைத்தது என்று எப்படித் தெரியும்? இதற்கு நம் வீட்டுப் பெண்கள் ரொம்ப காலமாகச் செய்வதே போதும். காலையில் கூண்டைத் திறந்ததும் என் அம்மா ஒவ்வொரு கோழியாகப் பிடித்து விரல் விட்டுப் பார்ப்பார். ஓடு தட்டுப்பட்டால், "இது இன்னிக்கு வெக்கும், கவுத்துப் போடு" என்பார். அதைத் தனிப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட்டால் முட்டை யாருடையது என்ற சந்தேகமே இல்லை. முட்டை மேல் பென்சிலால் கோழி எண்ணையும் தேதியையும் எழுதுங்கள், மார்க்கர் வேண்டாம். ஒரு வாரத்துக்குள் அடைக்கு வைத்துவிடுங்கள். ஓர் அடைக்கோழிக்கு ஒரே தாயின் முட்டை என்று வைத்துக்கொண்டால் குஞ்சுகளைப் பிரித்தறிவது சுலபம்.

எடை பார்ப்பது

எட்டு வாரத்தில் ஒருமுறை, பதினாறு வாரத்தில் ஒருமுறை. காலையில் மேய விடும் முன், தீனிப்பை காலியாக இருக்கும்போது துணிப்பையில் போட்டு டிஜிட்டல் தொங்கு தராசில் மாட்டுங்கள். ஒரே வாரத்தில் பொரித்த குஞ்சுகளை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். மழைக்காலத்தில் பூச்சி தின்று வளர்ந்ததையும் சித்திரை வெயிலில் வளர்ந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு தப்பாகும்.

பெட்டையைக் கையால் பார்ப்பது

இருட்டிய பிறகு டார்ச்சோடு போனால் கலவரம் இல்லாமல் பிடிக்கலாம். கோழியை இடுப்பில் அணைத்து, ஆசனவாயின் இருபுறமும் உள்ள மெல்லிய எலும்பு நுனிகளைத் தடவிப் பாருங்கள். முட்டை வைக்கும் கோழிக்கு அந்த இடைவெளியில் இரண்டு மூன்று விரல் நுழையும், வைக்காததற்கு ஒரு விரலே இறுக்கும். அங்கிருந்து நெஞ்செலும்பு முனை வரை மூன்று நான்கு விரல் அகலம் வேண்டும், வயிறு மெத்தென்று இருக்க வேண்டும். ஆசனவாய் ஈரமாக, அகன்று இருந்தால் கோழி முட்டை வைத்துக்கொண்டிருக்கிறது. உலர்ந்து சுருங்கியிருந்தால் இல்லை. மஞ்சள் கால் கோழியில் இன்னொரு தடயம் உண்டு: தொடர்ந்து முட்டை வைக்க வைக்க மஞ்சள் வெளுக்கும், முதலில் ஆசனவாய், பிறகு கண்ணோரம், அலகு, கடைசியில் கால். கருங்கால் கோழிக்கு இது பொருந்தாது.

சேவல்: இங்கேதான் நிதானம் வேண்டும்

பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்றால், பொரிக்கும் எல்லாக் குஞ்சுக்கும் பாதி ரத்தம் அந்த ஒன்றிடமிருந்துதான். பத்துப் பெட்டைகளும் சேர்ந்து கொடுப்பதை அது தனியாகக் கொடுக்கிறது. அதைத் தோற்றம் பார்த்து மட்டும் எடுக்கலாமா?

எடை தாய் தகப்பனிடமிருந்து குஞ்சுக்கு நன்றாக இறங்கும். அதனால் கறிக்கு வளர்ப்பவர்கள் சேவலின் எட்டு வார, பதினாறு வார எடையை நம்பலாம். முட்டை அப்படி இல்லை. சேவல் முட்டையும் வைக்காது. அதனால் அதன் அம்மா எத்தனை வைத்தது, அடையில் எத்தனை பொரித்தது, அக்கா தங்கைகள் எப்படி என்று நோட்டைப் புரட்ட வேண்டும். பகட்டான கொண்டையும் வளைந்த வாலுமாக ஒரு சேவல் நிற்கும். அதன் தாய் ஒரு பருவத்துக்கு ஏழெட்டு முட்டையோடு நின்றிருக்கும். பக்கத்தில் நடுத்தரத் தோற்றத்தில் இன்னொன்று, தாய் பதினைந்து வைத்து பன்னிரண்டு குஞ்சு இறக்கியிருக்கும். முட்டைக்காக வளர்ப்பவர் இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம் உடம்பைப் பாருங்கள். நேரான நெஞ்செலும்பு, நேரான விரல்கள், அகன்று ஊன்றிய கால், தெளிந்த கண். பெட்டையைத் துரத்திக் குத்தும் சேவல் வேண்டாம். இரை கண்டால் கொக்கரித்துப் பெட்டைகளைக் கூப்பிடும் சேவல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மாற்றுக்கு ஒன்று கட்டாயம் வையுங்கள், நரியோ நாயோ தூக்கினால் வருடமே போய்விடும்.

வியாபாரி வருவதற்கு முன் இவை இரண்டுக்கும் வளையம் மாட்டிவிடுங்கள். வளையம் போட்டது விலைக்கு இல்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

யோசிக்காமல் கழிக்க வேண்டியவை

கோணல் அலகு, ஒருபக்கம் சாய்ந்த வால், வளைந்த முதுகு, அடிக்கடி சளி பிடிப்பது, முட்டையைக் கொத்திக் குடிக்கும் பழக்கம். ராத்திரி கூண்டருகே நின்று காது கொடுங்கள், கொர்கொர் என்று மூச்சு கேட்டால் எதுவென்று தேடிப் பிரித்து வையுங்கள். நோய் இல்லாத கழிவு குழம்புக்கோ சந்தைக்கோ போகலாம். சீக்குக் கோழியை மட்டும் சந்தைக்குக் கொண்டு போகாதீர்கள், அது அடுத்தவர் கூட்டத்தை அழிக்கும்.

சொந்தத்துக்குள் சேராமல்

கூட்டத்தை மூன்று குடும்பமாகப் பிரித்து வையுங்கள். பெண் குஞ்சு தாய் குடும்பத்திலேயே இருக்கட்டும். சேவல் குஞ்சு மட்டும் ஒன்றிலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து மூன்றுக்கு, மூன்றிலிருந்து ஒன்றுக்கு. வருடம் ஒருமுறை மாற்றினால் வெளிச்சேவல் வாங்காமலே பல காலம் ஓட்டலாம். இடம் இல்லாதவர்கள் இரண்டு பக்கத்து வீட்டாரோடு பேசி ஆளுக்கு ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளலாம்.

பிறகு சேர்த்தவை

ஊத்தங்கரையிலிருந்து ஒரு வாசகர், விரல் சோதனையில் தோற்ற கோழியை விற்றுவிட்டதாகவும் அது அப்போது குஞ்சோடு திரிந்ததாகவும் எழுதியிருந்தார். அடையில் இருக்கும்போதும் குஞ்சு வளர்க்கும்போதும் இறகு உதிர்க்கும்போதும் எலும்பு இடைவெளி சுருங்கியே இருக்கும். அந்தச் சமயங்களில் சோதிக்காதீர்கள். குஞ்சைப் பிரிந்து மறுபடி கொண்டை சிவந்த பிறகு பாருங்கள்.

சேவல் மாற்றியதும் முட்டையை அடைக்கு வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். பழைய சேவலின் விந்து பெட்டை உடம்பில் இரண்டு வாரம் வரைகூட உயிரோடு இருக்கும். மூன்று வாரம் வரும் முட்டையைச் சாப்பிட்டுவிடுங்கள், அதன் பிறகு வருவதற்குப் பென்சில் எண் போடுங்கள். அடைக்கு வைத்த ஏழாம் நாள் டார்ச் வெளிச்சத்தில் பார்க்கும்போது பல கோழிகளின் முட்டையும் கரு இல்லாமல் தெளிவாக இருந்தால் பெட்டைகளைக் கழிக்காதீர்கள், முதலில் சேவலை மாற்றிப் பாருங்கள்.