டிரோன் வாங்கும் முன், ஏற்றும் முன்

கல்யாண வீடியோக்காரன் நான். புதிதாக டிரோன் வாங்குகிறவர்கள் 'எத்தனை கே?' என்றுதான், அதாவது வீடியோ 4கே-யா 5கே-யா என்றுதான் கேட்கிறார்கள். அதை விடுங்கள், ஒளியைப் படமாக்கும் சென்சாரின் அளவைப் பாருங்கள். ஒரு அங்குலமாவது இல்லையென்றால் அந்தி வானம் புள்ளி புள்ளியாகிவிடும். 250 கிராமைத் தாண்டியதைத் தொழிலுக்கு ஓட்டப் பதிவு எண்ணும் பைலட் சான்றிதழும் கட்டாயம். முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பச்சைப் பகுதியிலும் 120 மீட்டர்தான் உச்சம்.

அப்புறம், தானாகத் திரும்பும் உயரம். சிக்னல் அறுந்தால் டிரோன் இந்த உயரத்தில்தான் கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வரும். பொள்ளாச்சித் தோப்பு ஒன்றில் அதை 20 மீட்டரிலேயே விட்டிருந்தேன். சிக்னல் அறுந்ததும் நேரே தென்னை மட்டைக்குள் போய்ச் செருகிக்கொண்டது. இறக்கித் தந்தவர் நாலு இளநீரும் வெட்டிப் போட்டார், அது வேறு கதை. இப்போது அங்கிருக்கும் உயரமான மரத்தைவிட 15 மீட்டர் கூட்டி வைக்கிறேன்.

நொடிக்கு 25 ஃபிரேம் எடுத்தால் ஷட்டர் வேகம் 1/50 நொடி. வெயிலில் இந்த வேகத்துக்கு வெளிச்சம் கூடிப்போகும், அதைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர் மாட்டுங்கள். பேட்டரி 30 சதவீதம் வந்தால் இறக்கிவிடுங்கள், மாப்பிள்ளை வீட்டார் எவ்வளவு கெஞ்சினாலும் சரி.