நீலகிரியில் எல்எல்ஆரோடு கார் பழகுவது எப்படி?

எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) செல்லுபடியாவது 6 மாதம். கையில் வந்ததும் தனியாக வண்டி எடுக்கலாம் என்று நினைத்துவிட வேண்டாம். லைசென்ஸ் உள்ள ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அதுவும் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில். டிரைவிங் ஸ்கூல் காரில் அவர் காலடியிலும் பிரேக் இருக்கும். வீட்டுக் காரில் அவருக்கு எட்டுவது ஹேண்ட் பிரேக் மட்டும்தான். ஆகவே அண்ணனோ சித்தப்பாவோ முன் சீட்டில்தான் உட்கார வேண்டும். பைக் பழகுபவர், கற்றுத்தருபவரைத் தவிர யாரையும் பின்னால் ஏற்றக்கூடாது.

அடுத்து எல் போர்டு. முன்னும் பின்னும் குறைந்தது 18 செ.மீ. சதுர வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்து: உயரம் 10 செ.மீ., அடிப்பக்க அகலம் 9 செ.மீ., தடிமன் 2 செ.மீ. பின் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டாதீர்கள். ஊட்டிக் குளிரில் காலையில் கண்ணாடி மேல் பனி படிந்து எழுத்து மறைந்துவிடும். டிக்கி தகட்டின் மேல் ஒட்டுங்கள்.

இனி மேட்டில் வண்டி எடுப்பது. மலையில் பழகுபவர்கள் அதிகம் திணறுவது இங்கேதான். டெஸ்டிலும் இதைப் பார்ப்பார்கள். வண்டி பின்னால் உருளக்கூடாது.

1. ஹேண்ட் பிரேக் போட்டு, கிளட்சை முழுக்க மிதித்து முதல் கியர் போடுங்கள்.
2. ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியபடி கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் சத்தம் கனத்து, பானட் சற்றே தூக்கும். கால் அங்கேயே நிற்கட்டும்.
3. இப்போது ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள்.

பானட் தூக்குமுன் ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் வண்டி பின்னால் போகும். கிளட்சைச் சட்டென்று விட்டால் ஆஃப் ஆகும். ஹாஃப் கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து வைத்திருந்தால் கருகல் வாடை வரும். கிளட்ச் பிளேட் தேய்கிறது என்று அர்த்தம். ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள்.

இறக்கத்தில், ஏறும்போது எந்தக் கியரோ அதே கியர்தான். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. எஞ்சின் பிடிப்பு போனால் முழுச் சுமையும் பிரேக் மேல் விழும். சூடேறிய பிரேக் பிடிக்காது. எஞ்சினையே அணைத்துவிட்டால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கட்டையாகிவிடும், ஸ்டீயரிங்கும் இறுகும். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர்தான் வழிவிட வேண்டும்.

குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளும் கல்லட்டி மலைச்சாலையின் 36-ம் லைசென்ஸ் வாங்கிய பிறகு இருக்கட்டும். ஏப்ரல், மே சீசன் நெரிசலில் ஊட்டி சேரிங் கிராஸ் பக்கமும் வேண்டாம்.

எல்எல்ஆர் வாங்கி 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். தவறினால் 7 நாள் கழித்து மறுபடி. மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். ஆறாவது மாதம் வரை தள்ளிப்போட்டால் இந்தக் காத்திருப்பிலேயே எல்எல்ஆர் காலாவதியாகி, புதிதாக விண்ணப்பிக்க வேண்டி வரும். இரண்டாம் மாதத்திலேயே தேதி வாங்கிவிடுங்கள்.