திருவொற்றியூர்ப் பக்கம் பழைய பத்திரத்தில் மாவட்டம் மாறி வந்தால் எப்படிப் படிப்பது

திருவொற்றியூர், எண்ணூர், மாதவரம் பக்கம் வீட்டுக்கு வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம்) பார்க்கும்போது முதல் குழப்பம் மாவட்டத்தில்தான் வரும். தாய்ப்பத்திரத்தில் (மூல ஆவணத்தில்) செங்கல்பட்டு, அடுத்த கிரயத்தில் திருவள்ளூர், இன்றைய பட்டாவில் சென்னை. மூன்றும் சரிதான்.

முதலில் பத்திரத்தின் தேதியைப் பாருங்கள். 1997-இல் பிரியும்வரை இந்தப் பகுதி செங்கல்பட்டு மாவட்டம். இடையில் சில காலம் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்ற பெயரும் இருந்தது. அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தபோது இந்த வடபகுதி திருவள்ளூரோடு போனது. 2018-இல் சென்னை மாவட்டம் 426 சதுர கி.மீ. ஆக விரிந்து திருவொற்றியூர், மாதவரம், அம்பத்தூர் தாலுகாக்களைச் சேர்த்துக்கொண்டது. 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மாவட்டம் வேறு. பெயரை நம்பி அங்கே தேடினால் ஒன்றும் சிக்காது.

சிக்கலான காலம் 2011 முதல் 2018 வரை. மாநகராட்சி 2011-லேயே இந்த நகராட்சிகளை இணைத்துவிட்டது, வருவாய் எல்லை (மாவட்டம், தாலுகா) நகரவில்லை. அதனால் ஒரே வீட்டுக்குச் சொத்து வரி ரசீது சென்னை மாநகராட்சியிலும், பட்டா திருவள்ளூரிலும் இருக்கும். வங்கியில் கேள்வி எழுந்தால் இரண்டு எல்லைகளும் வேறு வேறு ஆண்டில் மாறியதைத் தேதியோடு சொல்லுங்கள்.

பதிவுத்துறை எல்லை இந்த இரண்டோடும் ஒட்டாது. பத்திரத்தின் பின்பக்க முத்திரையில் உள்ள சார்பதிவாளர் அலுவலகம், ஆவண எண், ஆண்டு மூன்றையும் குறித்துக்கொண்டு அந்த அலுவலகத்தின் பெயரிலேயே தேடுங்கள். இடையில் கிராமம் வேறு அலுவலகத்துக்கு மாறியிருந்தால் இரண்டிலும் வில்லங்கச் சான்று வேண்டும். பழைய சர்வே எண், புதிய நகர சர்வே எண், உட்பிரிவு எல்லாவற்றையும் கொடுங்கள். புதிய எண்ணை மட்டும் போட்டால் வில்லங்கமே இல்லை என்று வரும். பழைய அடமானம் பழைய எண்ணில்தான் கிடக்கும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1975-க்கு முந்தியவற்றுக்குப் பெரும்பாலும் அலுவலகத்தில் கையால் தேட மனு போட வேண்டும்.

ராயபுரம், தண்டையார்பேட்டையில் மாவட்டத் தொல்லை இல்லை. அங்கே ஓ.எஸ். (பழைய சர்வே), ஆர்.எஸ். (மறு சர்வே), கலெக்டர் சர்டிபிகேட் எண்களை ஒன்றோடொன்று பொருத்தினால் போதும். அளவையும் சரிபாருங்கள்: ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, ஒரு சென்ட் 435.6.