ஊருக்குப் போகும்போது தேட வேண்டிய ‘மல்லிகை’ இதழ்கள்

விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகிறவர்கள், நல்லூர்த் திருவிழாவுக்கும் உறவினர் வீட்டு விருந்துகளுக்கும் நடுவே இரண்டு நாட்களை ‘மல்லிகை’க்கு ஒதுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். டொமினிக் ஜீவா 1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் தொடங்கி, பிற்காலத்தில் கொழும்பிலிருந்து 2012 வரை நடத்திய அந்த மாத இதழில், ஈழத்து எழுத்தாளர்கள் பலரின் முதற் கதைகளும் அவர்களுக்குள் நடந்த வாதங்களும் பதிவாகியுள்ளன. 1981இல் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டதிலும், 1995இல் போரால் யாழ்ப்பாணத்து மக்கள் வீடுகளை அப்படியே விட்டு இடம்பெயர்ந்ததிலும் பழைய இதழ்கள் ஏராளமாக அழிந்தன. தப்பியவற்றுள் ஒரு பகுதி இன்னும் நம்முடைய வீடுகளிலேயே கிடக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

விமானம் ஏறுமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வருடி (ஸ்கேன் செய்து) வரும் நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில், மல்லிகை இதழ்கள் ஆண்டுவாரியாகத் தொகுக்கப்பட்டுள்ளன. அங்கே இல்லாத மாதங்களை ஒரு தாளில் குறித்து, அதைக் கையோடு கொண்டு போங்கள்.

ஊரில் முதலில் திறக்க வேண்டியது றங்குப் பெட்டியும், பரணில் ஏற்றிவைத்த பழைய கொப்பிக் கட்டுகளும்தான். வடமராட்சியில் என் பெரியம்மா வீட்டில், கலியாண அழைப்பிதழ்களுக்கு அடியில், சணல் கயிற்றால் கட்டிய பதினொரு இதழ்கள் இருந்தன. நடுவிலிருந்த கம்பி துருப்பிடித்துத் தாளைத் தின்றிருந்தது. இராமபாணப் பூச்சி ஓரங்களை அரித்திருந்தது. ஆனாலும் ஒரு வரிகூட வாசிக்க முடியாமற் போகவில்லை. அவசரத்தில் அந்தக் கயிற்றை இழுத்து அவிழ்த்தபோது மேலிருந்த இதழின் அட்டை கிழிந்துவிட்டது. ஆகவே கயிற்றைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். துருவேறிய கம்பியைப் பிடுங்காதீர்கள், வெயிலில் காயப்போடாதீர்கள், கிழிசலில் செலோடேப் ஒட்டாதீர்கள்.

அட்டையும் முதற்பக்கமும் இல்லாத இதழ் கிடைத்தாலும் ஒதுக்கிவிட வேண்டாம். உள்ளே எங்காவது அச்சாகியிருக்கும் முகவரி காங்கேசன்துறை வீதி என்றிருந்தால் அது யாழ்ப்பாணக் காலத்தது. ஸ்ரீ கதிரேசன் வீதி என்றிருந்தால் கொழும்புக் காலத்தது. மாதத்தைப் பிறகு உள்ளடக்கத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

கிடைத்தவற்றை இலண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ எடுத்துப் போக மனம் துடிக்கும், எனக்கும் துடித்தது. ஆனால் 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட அரிய நூல்களையும் ஓலைச்சுவடிகளையும் முன் அனுமதியின்றி நாட்டைவிட்டுக் கொண்டுசெல்லக் கூடாதென்று இலங்கை செல்லும் பயணிகளுக்கு அறிவுறுத்தப்படுகிறது. மல்லிகையின் தொடக்க ஆண்டுகளும் இப்போது அந்த வயதைத் தொட்டுவிட்டன. சட்டத்தைத் தள்ளிவைத்தாலும், அவ்விதழ்கள் அங்கேயே இருப்பதுதான் முறை. நூலகம் நிறுவனத்தாரிடம் முன்கூட்டியே தொடர்புகொண்டு, மின்வருடுவதற்குக் கொடுத்துத் திரும்பப் பெற முடியுமா என்று கேளுங்கள். வீட்டார் கொடுக்கத் தயங்கினால், விறாந்தையில் பகல் வெளிச்சத்தில் இதழை விரித்துவைத்து, ஃபிளாஷ் போடாமல், கைபேசியை நேர் மேலே பிடித்து ஒவ்வொரு பக்கமாகப் படமெடுக்கலாம். விளம்பரப் பக்கங்களையும் விடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் அன்று எந்தக் கடைகள் இருந்தன, எவர் ஒரு சிற்றிதழுக்குக் கைகொடுத்தார்கள் என்பதற்கு அவையே சாட்சி.

தேடியும் கிடைக்காத மாதங்களுக்கு யாழ் பல்கலைக்கழக நூலகம், வெள்ளவத்தையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம், கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களம் ஆகிய மூன்றிலும் விசாரிக்கலாம். வெளியார் உட்கார்ந்து வாசிப்பதற்கான நடைமுறை இடத்துக்கு இடம் வேறுபடுமாதலால், என்ன இதழ், எந்த ஆண்டு, எதற்காக என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு, கடவுச்சீட்டையும் அதன் பிரதியையும் கொண்டு போங்கள். போயா (பௌர்ணமி) தினங்கள் பொது விடுமுறையாதலால், நாட்காட்டியைப் பார்த்துப் பயணத்தை அமையுங்கள்.

கடைசியாக, அட்டையில் பேனாவால் எழுதிய பெயரோ, வாசிகசாலை முத்திரையோ, ஓரத்தில் யாரோ எழுதிவைத்த குறிப்போ இருந்தால் அதை அழிக்காமல், படத்தில் தெளிவாகத் தெரியும்படி எடுங்கள். பெரியம்மா வீட்டு இதழ்களில் ஒன்றின் மேல் மூலையில், 1974 என்ற ஆண்டோடு, காலமான என் பெரியப்பாவின் கையெழுத்து இருந்தது.