காப்பித் தோட்டம் பார்க்கப் போகும் டெல்டாக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறையில் ஏற்காடு போய்வந்து, “காப்பித் தோட்டமும் பார்த்தோம், பெரிசா ஒண்ணும் இல்லை” என்று சொல்பவர்கள் நம் பக்கம் நிறைய. மே மாதத்தில் ஒன்றும் இருக்காதுதான். மார்ச், ஏப்ரலில் கோடை மழை விழுந்த எட்டுப் பத்து நாளில் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்து, மல்லிகை போல மணந்து, இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். காப்பியில் அராபிகா, ரொபஸ்டா என்று இரண்டு வகை. பூத்ததிலிருந்து அராபிகா பழுக்க எட்டு ஒன்பது மாதம், ரொபஸ்டாவுக்குப் பத்துப் பதினோரு மாதம் ஆகும். மே மாதம் போனால் கண்ணில் படுவது மிளகு அளவுப் பச்சைக் காய்தான்; களம் காலியாகக் கிடக்கும்.

இன்னொரு கூட்டம் ஐப்பசியில் கிளம்பும். துலா ஸ்நானத்துக்குத் தலைக்காவேரி போகிறோமே, வழியில் குடகுத் தோட்டத்தையும் பார்த்துவிடலாம் என்ற கணக்கு. அக்டோபர் நடுவில் அங்கே தீர்த்தத்துக்கு வரும் கூட்டம் அதிகம், மழையும் விட்டிருக்காது, பழமோ இன்னும் பச்சை. குடகில் அதிகம் விளைவது ரொபஸ்டா. அதன் பறிப்பு டிசம்பர் கடைசியில்தான் சூடுபிடிக்கும். தலைக்காவேரியையும் தோட்டத்தையும் தனித்தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல காலம் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை. தை பிறந்தால் நமக்குச் சம்பா அறுவடை வந்துவிடும் என்பதால், விவசாயக் குடும்பங்களுக்குத் தோதானது பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறைதான். அந்த வாரம் அறை கிடைப்பது கஷ்டம். இரண்டு மாதம் முன்னதாகவே சொல்லி வையுங்கள்.

மாதம் சரியாக இருந்தும் நேரத்தைத் தவற விடுகிறார்கள். காலை பதினொரு மணிக்குப் போய், அரை மணி நேரம் செடிகளுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். தோட்டத்தின் உயிரான வேலை நடப்பது சாயங்காலம். நாள் முழுக்கப் பறித்த பழம் நாலு மணிக்கு மேல் எடைக்கு வரும். பழத்தை இரவு முழுக்கக் குவித்து வைத்தால் சூடேறிப் புளித்துவிடும். அதனால் அன்றைக்கே ‘பல்ப்பர்’ என்ற தோல் உரிக்கும் இயந்திரத்தில் போட்டாக வேண்டும். முன்பதிவு செய்யும்போதே “பல்ப்பர் ஓடுகிற நேரத்தில் பார்க்க முடியுமா?” என்று கேளுங்கள். முடியாது என்றால் வேறு தோட்டம் பாருங்கள்.

அங்கே ஒரு பழத்தை வாங்கி விரலால் பிதுக்கிப் பாருங்கள். இரண்டு கொட்டைகள் வழுக்கிக்கொண்டு வரும். மேலே இனிப்பான கொழகொழப்பு. தொட்டியில் ஏறக்குறைய 24 முதல் 36 மணி நேரம் நொதித்தால்தான் அது விடும். பதம் பார்க்கக் கொட்டையைக் கையில் அள்ளித் தேய்ப்பார்கள். கூழாங்கல் போலச் சரசரத்தால் கழுவலாம். பிறகு ஈரப்பதம் பத்து சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கும்வரை களத்தில் காயும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு அல்லாடும் நமக்கு இந்தக் களத்தைப் புரிந்துகொள்ள யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கொட்டைமேல் காய்ந்து நிற்கும் ‘பார்ச்மென்ட்’ நெல்லுக்கு உமி மாதிரி. அதற்கடியில் உள்ள மெல்லிய வெள்ளித்தோல் தவிடு மாதிரி.

இடத்திலும் ஏமாறுகிறார்கள். கொடைக்கானல் ஊருக்குள் காப்பித் தோட்டம் தேடிப் பயனில்லை. 2,000 மீட்டருக்கு மேலான அந்தக் குளிர் காப்பிக்கு ஆகாது. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் போக வேண்டும். தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஊட்டியில் தேயிலைதான், நீலகிரிக் காப்பிக்குக் கூடலூர்ப் பக்கம் இறங்குங்கள். கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் 2024 மே முதல் வண்டிக்கு இ-பாஸ் உண்டு, கிளம்புமுன் எடுத்துவிடுங்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு ஏற்காடே போதும்: திருச்சி, சேலம் வழியாகப் போய் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் வந்துவிடும். குடகுக்கு ரயில் கிடையாது. மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகப் போகும் மைசூரு எக்ஸ்பிரஸில் மைசூருவில் இறங்கினால், மடிக்கேரிக்குச் சாலையில் இன்னும் சுமார் 120 கிலோமீட்டர். இரவெல்லாம் ரயிலில் வந்து அன்றைக்கே தோட்டம் சுற்றாதீர்கள். குடகில் தோட்டத்துக்குள் யானை வரும். விடியற்காலையிலும் இருட்டியபிறகும் வழிகாட்டி இல்லாமல் நடக்கவே கூடாது.

பறிப்பவர்களை நிறுத்திப் படம் எடுப்பதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். பல தோட்டங்களில் கூலி கிலோக் கணக்கில். உங்களுக்காக நிற்கும் பத்து நிமிடம் அவர்கள் கூடையில் குறையும்.

ருசி பார்க்கும்போது பெரும்பாலும் பால் இல்லாமல்தான் கொடுப்பார்கள். “டிகிரி காப்பி மாதிரி இல்லையே” என்று உடனே பால் கேட்க வேண்டாம். நம் வீட்டு ருசியில் பாதி, கள்ளிச் சொட்டு மாதிரிப் பாலும் சிக்கரியும். சிக்கரி வேறொரு செடியின் கிழங்கு. அது காப்பித் தோட்டத்தில் விளைவதில்லை. எட்டுக் கிராம் தூளுக்கு 150 மில்லி வெந்நீர் ஊற்றி, நாலு நிமிடம் கழித்து மேல் ஏட்டைக் கரண்டியால் விலக்கி, சத்தமாக உறிஞ்சிக் குடிப்பது தோட்டத்தில் ருசி பார்ப்பவர்கள் முறை. ஆறஆற ருசி மாறுவதைக் கவனியுங்கள். அன்று மட்டும் சென்ட், ஜவ்வாது, வெற்றிலை வேண்டாம்.

கடைசியில் வாங்கும் இடம். பீபரி தனி ரகம் என்று நினைத்து அதிக விலை கொடுக்காதீர்கள். இரண்டு கொட்டைக்குப் பதில் ஒரே உருண்டைக் கொட்டை விளைந்த பழம்தான் பீபரி, எந்தச் செடியிலும் வரும். ரகம் தெரிய வேண்டுமானால் எஸ்.795-ஆ, சந்திரகிரியா, நம் ஆற்றின் பெயர் கொண்ட காவேரியா என்று கேளுங்கள். ஆசைப்பட்டு இரண்டு கிலோ தூள் வாங்குவதும் வீண். நம் ஊர் ஈரக் காற்றில் பதினைந்து நாளில் மணம் போய்விடும். வறுத்த தேதி போட்ட கொட்டையாகக் கால் கிலோ வாங்கி, வீட்டில் அவ்வப்போது ஃபில்டருக்குத் தகுந்த பதத்தில் அரைத்துக்கொள்ளுங்கள். தூள் ரொம்ப நைசாக இருந்தால் டிகாக்‌ஷன் இறங்காமல் அடைத்துக்கொள்ளும், கரகரவென்றிருந்தால் தண்ணீராக ஓடிவிடும்.