கல்வெட்டுல எந்த ராஜான்னு குழம்புதா?

கோயில் கல்வெட்டு போர்டுல வெறும் "கோப்பரகேசரி, யாண்டு 5"னு (அதாவது பரகேசரிங்கிற ராஜாவோட ஆட்சியில 5வது வருஷம்) மட்டும் போட்டிருந்தா உடனே ராஜேந்திர சோழன்னு முடிவு பண்ணிடாதீங்க. சோழர்கள் ராஜகேசரி, பரகேசரின்னு ரெண்டு பட்டத்தையும் மாத்தி மாத்தி வச்சுகிட்டாங்க, ராஜராஜன் ராஜகேசரி, அவர் மகன் ராஜேந்திரன் பரகேசரி, ஆனா முதலாம் பராந்தகன், உத்தம சோழன், ஆதித்த கரிகாலன்னு இவங்களும் பரகேசரிதான்.

அதனால பட்டத்தோட ஒட்டி வர்ற அடைமொழிய பாருங்க. "மதிரை (மதுரை) கொண்ட கோப்பரகேசரி"ன்னா முதலாம் பராந்தகன், "பாண்டியன் தலைகொண்ட கோப்பரகேசரி"ன்னா ஆதித்த கரிகாலன். ராஜராஜன் காலத்துல இருந்து வேலை ரொம்ப ஈஸி, ஏன்னா மெய்க்கீர்த்தி (கல்வெட்டு ஆரம்பத்துல ராஜாவோட புகழ சொல்ற பாட்டு) வந்துடுச்சு, "திருமகள் போல"ன்னு ஆரம்பிச்சா ராஜராஜன், "திருமன்னி வளர"ன்னா ராஜேந்திரன், முதல் ரெண்டு வார்த்தை படிச்சாலே போதும் (எழுத்து தேஞ்சு போகாம இருக்கணும், அது வேற கதை).

பாண்டியர் பக்கம் போனா தலை சுத்தும். அங்க மாறவர்மன், சடையவர்மன்னு ரெண்டு பட்டம், ரெண்டுலயும் சுந்தர பாண்டியன் உண்டு, அதுலயும் ஒண்ணுக்கு மேல. 1216ல பட்டத்துக்கு வந்தவர் மாறவர்மன், "சோணாடு வழங்கியருளிய" (சோழ நாட்ட திருப்பிக் கொடுத்த)ன்னு இருந்தா அவர்தான். 1251ல வந்தவர் சடையவர்மன். வெறும் "சுந்தர பாண்டியன் கட்டியது"ன்னு யாராச்சும் ஃபார்வர்ட் பண்ணா, எந்த சுந்தர பாண்டியன்னு கேளுங்க, பாதி பேர் அதோட சைலன்ட் ஆயிடுவாங்க.